கடை சாத்தும் நேரம்

நுழையும்முன்

சிறுவணிகரின் பகற்பொழுதில் விற்பனைக்குச் செலவான நேரத்தைவிட அலைச்சலுக்குச் செலவான நேரமே மிகுதியாக இருந்த காலம் உண்டு. அவ்வலைச்சலைக் கைபேசி குறைத்தது. மிஞ்சிய நேரம் யாருக்குச் சென்றது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பொருநைக் கரையில் அமைந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அங்குள்ள ஆதிநாதர் கோயிலின் பழம்புளியை, இரவிலும் இலை மூடாத மரம் என்று கருதி 'உறங்காப் புளி' என்பர். வைகாசித் திருவிழாவில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் இங்கு எழுந்தருளுவர். பூவும் துளசியும் பழமும் விற்போருக்கு அதுவே ஆண்டின் பெருநாள்.

இத்தகைய ஊரில் கடை நடத்துபவர், முன்பு சரக்கெடுக்க ஏரலுக்கோ நெல்லைக்கோ செல்வார். அன்றைய விலை என்ன என்பது சந்தையை அடைந்த பின்னரே தெரியும். அவர் திரும்பும்வரை கடை பூட்டியிருக்கும். அல்லது பள்ளிவிட்டு வந்த பிள்ளை கல்லாவில் அமர்ந்திருக்கும். இரவு உணவுக்குப் பின் பேரேட்டைத் திறந்து பற்றுவரவு எழுத வேண்டும்.

விலை தெரியாத அலைச்சல் எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் கேரளக் கடற்கரை காட்டியது. 1997 சனவரி 14 அன்று வடகரையில் கரையேறிய மீனவர் பதினொருவர், வாங்குவாரின்றித் தம் மீனைக் கொட்டிவிட நேர்ந்தது. அதே காலைப்பொழுதில், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த பிற கரைகளில் 27 வணிகர்கள் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தனர். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே! அவ்வாண்டிலிருந்து அக்கடற்கரைக்கு அலைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தனர். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது; மீனவரின் ஆதாயம் 8 விழுக்காடு உயர, வாங்குவோர் தந்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. பொருளியல் அறிஞர் இராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது.

இன்று ஆழ்வார்திருநகரிக் கடைக்காரரும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கிறார். சரக்கு வண்டியில் வந்து இறங்குகிறது. 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையால் சில்லறைத் தட்டுப்பாடும் குறைந்தது. இணைய வசதியற்ற எளிய கைபேசியிலும் பணம் செலுத்தும் வழி 2022இல் வந்தது.

ஆனால், மிச்சமான நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா? கதவைச் சாத்தினாலும் கடை சட்டைப்பையில் விழித்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு, "நாளைக் காலை பூசைக்கு நான்கு முழம் மல்லிகை வேண்டும், அண்ணாச்சி" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. விடையளிக்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடையை நாடுவாரோ என்னும் அச்சம், சோற்றில் வைத்த கையைத் திரைக்கு இழுக்கிறது. இவ்வச்சம் வீண் என்று தள்ளிவிட முடியாது. சிறுகடையின் முதல் என்பதே நான்கு வாடிக்கையாளரின் நம்பிக்கைதானே!

இதற்குரிய கருவியும் அதே பேசியில் இருக்கிறது. 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடை நேரத்தைக் குறித்து வைக்கலாம். அந்நேரத்துக்குப்பின் வரும் செய்திக்கு, "காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும், உங்கள் தேவையை எழுதி வையுங்கள்" என்னும் மறுமொழி தானே செல்லும். கேட்டவருக்கு விடை கிடைத்துவிடுகிறது, கடைக்காரர் உறங்கலாம். கடைக்கெனத் தனி எண் வைத்துக்கொண்டால், உறவினர் அழைப்பும் கொள்முதல் அழைப்பும் கலப்பதில்லை.

பேரேட்டை மட்டும் முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, பொருநை கரைபுரண்டது. ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றில் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய நாளில், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதைப் பரண்மேல் வைத்த நோட்டுப்புத்தகமே சொல்லும். நீர் பரணையும் எட்டிய வீட்டில் நோட்டும் நனையும். அப்போது, தொடர்பு மீண்டபின் இணையச் சேமிப்பிலுள்ள படி கைகொடுக்கும். இரண்டும் இருப்பது நன்று.

தானே செல்லும் அந்த மறுமொழியைக் கருடசேவை இரவில் மட்டும் நிறுத்தி வைக்கலாம். அன்று ஊரே உறங்குவதில்லை.