ராத்திரி 2 மணிப் பால்: அப்பாவுக்கு என்ன வேலை?

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். நேரடியாகத் தாய்ப்பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்பா செய்யலாம்.

1. குழந்தை சிணுங்கியதும் நீங்கள் எழுந்து தூக்கிக் கொடுங்கள். சிசேரியன் என்றால், தையலோடு எழுவது மனைவிக்கு வலி.

2. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வையுங்கள். பால் கொடுக்கும்போதுதான் தாகம் எடுக்கும்.

3. குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விட வையுங்கள். தோளில் பழைய வேட்டித் துணி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சட்டை போச்சு!

4. ஈரத்துணிகளை எண்ணுங்கள். 5ஆம் நாளுக்குப் பிறகு தினமும் 6 முறையாவது நனைந்தால், பெரும்பாலும் பால் போதுகிறது. குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

5. "பால் பத்தலை போல, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைப்பா" என்று உங்கள் அம்மா சொன்னால், பதிலை நீங்களே சொல்லுங்கள். டாக்டர் தரும் மருந்து தவிர, 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீரும் தேனும்கூட வேண்டாம். இதையே மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு, மகன் சொன்னால் யோசனை. நியாயமில்லைதான், ஆனால் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

6. எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் நீங்கள் புகட்டுங்கள். மனைவி இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும்.