மில்டவுன் மல்பே: ஊரே இசைப்பள்ளியாகும் ஜூலை

அயர்லாந்துக்குப் போகிறவர்களில் பலர் டப்ளினிலிருந்து ஒரே நாளில் மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாறைகளுக்குத் தெற்கே, அதே கிளேர் கவுண்டியில், மில்டவுன் மல்பே இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். கடைகளும் பப்களும் நிறைந்த கடைத்தெருவைப் பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். இருந்தாலும் மூன்று இரவாவது தங்குங்கள். அதுவும் ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்கும் வாரத்தில்.

அப்போதுதான் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கும். கிளான்சி இந்த ஊர்க்காரர், தச்சுத் தொழில் செய்தவர், இலன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழல் வாசிப்பில் பேர் பெற்றவர். 1973 ஜனவரியில் அவர் மறைந்தார். அந்தக் கோடையிலேயே நண்பர்கள் அவர் பெயரில் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். காலையில் ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா வகுப்புகள். இரவில் கெய்லி நடனம். பப்களில் பகலிலேயே வாசிப்பு தொடங்கிவிடும். உங்களுக்கு எந்த வாத்தியமும் தெரியாவிட்டால் செட் நடன வகுப்பில் சேருங்கள். எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் கைபிடித்துத் திருப்பிவிடுவார்.

இலன் பைப்ஸை மட்டும் அருகில் உட்கார்ந்து பாருங்கள். வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கை துருத்தியை இயக்க, இடது முழங்கை காற்றுப்பையை அமுக்க, விரல்கள் குழலில் ஓடும். குழலின் அடியைத் தொடைமேல் அழுத்தி மூடினால் இழைந்து வந்த ஒலி அறுந்து, சுரங்கள் தனித்தனியாகத் தெறிக்கும். 2017இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இப்பகுதியின் இசை முன்பு வீட்டு அடுப்படிகளில் நடந்த நடனங்களில்தான் வளர்ந்தது. உரிமம் இல்லாத பொது நடனங்களைத் தடுக்க 1935இல் வந்த சட்டமும், பாதிரியார்களின் கண்டிப்பும் வீட்டு நடனங்களை ஒடுக்கின. அந்த இழப்பைப் பற்றி ஜூனியர் கிரீஹன் என்ற இப்பகுதி ஃபிடில் கலைஞர் கடைசிவரை வருந்திப் பேசினார். அவரைப் போன்றவர்கள் விடாமல் வாசித்ததால்தான் இன்று சிறுவர்கள் வாத்தியப் பெட்டியோடு தெருவில் நடக்கிறார்கள்.

பப்பில் வாசிப்பவர்களுக்கென ஒதுக்கிய நாற்காலிகளில் கேட்காமல் உட்காராதீர்கள். அனுமதியின்றிப் பதிவு செய்யாதீர்கள். யாராவது தனியே பாடத் தொடங்கினால் கூடமே அடங்கிவிடும். நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். மது அருந்தாதவர்கள் தேநீர் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கோடையில் இரவு பத்து மணிக்குமேல் பப்பில் சிறுவர்களுக்கு இடமில்லை, அது சட்டம்.

சைவ உணவுக்காரர்கள் சூப்பில் கோழிச் சாறு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரவுன் பிரெட்டும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். மழைச்சட்டை ஜூலையிலும் வேண்டும்.

ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் ஸ்பானிஷ் பாயிண்ட் கடற்கரை. 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா போர்க்கப்பல்கள் இந்தக் கரையோரம் சிதைந்தன. உயிர் தப்பிக் கரையேறியவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சூரியன் இரவு பத்து மணியளவில்தான் மறையும் என்பதால் மாலையிலும் போகலாம். அலை வலுவானது, உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் இறங்கவேண்டாம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அயர்லாந்து விசா தேவை. செங்கன் விசா செல்லாது. ஷானன் விமான நிலையம்தான் பக்கம். ரயிலில் வந்தால் எனிஸில் இறங்குங்கள். அங்கிருந்து பேருந்துகள் குறைவு, வாடகைக் கார் நல்லது. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். பள்ளி வாரத்தில் ஊருக்குள் அறை கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் லஹிஞ்ச், குவில்டி பக்கம் தேடுங்கள்.