கணவன் மனைவி கொடுக்கும் வாக்கு கோர்ட்டில் செல்லுமா?



"மாசம் இவ்வளவு தாறேன்னு சொன்னாரு, இப்ப தரமாட்டேங்கிறாரு. கோர்ட்டுல கேட்டு வாங்கலாமா?" தாய்மார் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. கொழும்பில் வேலை செய்யும் கணவன் சொன்ன வாக்காக இருக்கலாம். மத்திய கிழக்கில் உழைக்கும் மனைவிக்கு, "உன் பேருல காணி வாங்குறேன்" என்று வீட்டிலிருக்கும் கணவன் சொன்ன வாக்காகவும் இருக்கலாம். இதைப்பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சட்டம் படிப்பவர்கள் முதலில் படிக்கும் வழக்கு ஒன்று நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. பல்ஃபர் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் நீர்ப்பாசனப் பணிப்பாளராக இருந்தார். 1915இல் மனைவியோடு லீவில் இங்கிலாந்து போனார். 1916இல் அவர் மட்டும் இலங்கைக்குத் திரும்பினார். சுகமில்லாத மனைவி வைத்தியர் சொற்படி அங்கேயே தங்கினார். மாதம் 30 பவுண் தருவதாகக் கணவர் சொன்னார். பிறகு இருவரும் பிரிந்தார்கள். மனைவி அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். முதலில் வென்றார், 1919இல் மேன்முறையீட்டில் தோற்றார். ஒற்றுமையாக வாழும் கணவன் மனைவி வீட்டுச் செலவைப்பற்றிப் பேசிக்கொள்வது அன்பினால் வரும் பேச்சு, கோர்ட்டுக்குப் போகும் எண்ணத்தோடு செய்யும் ஒப்பந்தம் அல்ல என்றார்கள் நீதிபதிகள்.

ஆனால் 1970இல் மெரிட் என்பவர்களின் வழக்கில், அதே இங்கிலாந்தில் மனைவி வென்றார். கணவர் வீட்டைவிட்டுப் போன பிறகு, "வீட்டுக் கடனை நீ கட்டி முடித்தால் வீட்டை உன் பேருக்கு மாற்றுவேன்" என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். மனைவி கட்டி முடித்தார். பிரிந்தபின் எழுதியது ஒப்பந்தமே என்று கோர்ட் சொன்னது.

இவை இங்கிலாந்துத் தீர்ப்புகள். நம் நாட்டில் நாம் முக்கியமாக அறிய வேண்டியவை இவை:

1. பராமரிப்புப் பணம் கேட்க வாக்கோ கடதாசியோ தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, போதிய வருமானம் உள்ளவர், தன்னைத்தானே பராமரிக்க முடியாத கணவனையோ மனைவியையோ கைவிட்டால், மாதப் பணம் கொடுக்கும்படி நீதவான் உத்தரவிடலாம்.

2. பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு. தாய் தகப்பன் பதிவுத் திருமணம் செய்யவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது.

3. காணி வாய்ப்பேச்சில் கைமாறாது. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் உறுதி எழுத வேண்டும். "உனக்குத்தான்" என்ற சொல் மட்டும் உறுதி ஆகாது.

4. கல்யாணமான பெண் தன் பேரில் சொத்து வைத்திருக்கலாம். 1923ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. ஆகவே வெளிநாட்டில் உழைக்கும் தாய்மாரே, உங்கள் பேரில் பேங்க் புத்தகம் திறந்து, சேமிப்பை அதில் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் தனியாக அனுப்புங்கள். அனுப்பிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பணம் வந்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். லயத்தில் கூரை ஒழுகும் பக்கம் வைக்காதீர்கள். லோயருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கணவன் மனைவிக்குள் நம்பிக்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்பிக்கை இருக்கட்டும், ரசீதும் இருக்கட்டும்.