மோட்டார் சைக்கிள் டயரின் தேய்வும் அதன் காரணங்களும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். பொட்டிபுரம் முதலிய அடிவாரக் கிராமங்களிலிருந்து மலைக்குச் செல்வோர் பலர்க்கு மோட்டார் சைக்கிளே வாகனம். அது தரையைத் தொடும் இடமோ சக்கரம் ஒன்றுக்கு உள்ளங்கையளவேயாம். அவ்விடத்தை நம்பியே ஓட்டுவோர் உயிர் இருத்தலால், டயரைச் சோதிக்கும் முறையைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

டயர் பெரும்பாலும் அடையாளம் காட்டிய பின்னரே கெடுகிறது. தேய்ந்த இடத்தைக் கொண்டு காரணத்தை அறியலாம்.

1. நடுப்பகுதி மட்டும் தேய்தல்: காற்று மிகுதியாயிருத்தலின் அறிகுறி. நேர்சாலையிலேயே நெடுங்காலம் ஓட்டினும் இவ்வாறு தேயும்.

2. இரு ஓரங்களும் தேய்தல்: காற்றுக் குறைவு அல்லது மிகுந்த பாரம்.

3. ஒரு பக்கம் மட்டும் தேய்தல்: சக்கரம் நேராகப் பொருந்தவில்லை. சங்கிலியை இறுக்கும்பொழுது இருபுறத்துக் குறிகளும் ஒத்திருக்க வேண்டும்.

4. குழி குழியாகத் தேய்தல்: அதிர்வுதாங்கியின் தளர்ச்சி அல்லது சக்கரத்தின் சமனின்மை.

5. ஓரிடத்தில் தட்டையாதல்: பிரேக்கைத் திடீரென அழுத்திச் சக்கரத்தை உருளாது நிறுத்துதல். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கின் இது குறையும்.

6. பக்கச்சுவரில் வெடிப்பு அல்லது வீக்கம்: வெடிப்பு வெயிலாலும் வயதாலும் உண்டாவது. வீக்கம், கல்லில் மோதி உள்நூல் அறுந்தமைக்கு அறிகுறி. அத்தகைய டயரை உடனே நீக்குக.

இவற்றுள் காற்றுக் குறைவே பெருங்கேடு. தோட்டத்துக் கற்பாதையில் குலுக்கம் தெரியாதிருக்கக் காற்றைக் குறைப்போர் உண்டு. அந்நிலையிலேயே மூட்டையை ஏற்றிக்கொண்டு மலையிறங்கின், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிரும்; டயரினுள் சூடு மிகும்; ரப்பருக்கும் நூலடுக்குக்கும் உள்ள பிணைப்பு தளரும். டயர் வளைவிலே வெடிப்பின் வண்டியை அடக்குதல் அரிது. டியூப் உள்ள டயரில் காற்று ஒருங்கே வெளியேறக்கூடுமாதலின் அபாயம் இன்னும் மிகுதி.

பட்டறையினர் ‘பட்டன்’ என்று வழங்கும் மேடுகளின் இடையே தேய்வுக்குறி இருக்கும். மேடுகள் தேய்ந்து அக்குறியின் மட்டத்தை எட்டுமுன் டயரை மாற்றிவிட வேண்டும். பழைய டயரை வாங்குவோர் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைக் காண்க. 2322 என்றிருப்பின் அது 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டதாகும்.

காரணத்தை நீக்காது டயரை மட்டும் மாற்றினால் புதியதும் அவ்வாறே கெடும், பணமும் வீணாகும். காற்றை அளக்க ஏற்ற வேளை, வண்டி ஓடி டயர் சூடேறுமுன், காலையே. வண்டியுடன் வந்த குறிப்பேட்டில் தனியே செல்வதற்கும் பாரத்துடன் செல்வதற்கும் உரிய அளவுகள் காணப்படும். சங்கந்தோறும் காற்றழுத்தமானி ஒன்றும் பம்பு ஒன்றும் பொதுவில் வைத்திருப்பின், சிறு செலவில் பல குடும்பங்கள் பெருந்துயரினின்று காக்கப்படும்.