தந்தையின் நாட்கணக்கு



வியாபாரிகளாகிய நாம் கணக்கில் தேர்ந்தவர்கள். பெட்டியில் ஒரு கட்டிச் சவர்க்காரம் குறைந்தாலும் அன்றிரவே கண்டுபிடித்துவிடுவோம். யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லிவிடுவோம். ஆயினும் நம் வீட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் பாக்கி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. அதை அடைக்க நாம் உட்காருவதே இல்லை. நம் சிறு பிள்ளைகளுக்கு நாம் தரவேண்டிய நேரத்தின் கணக்கே அது. இந்தப் பாடத்தில் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

கடல் கடந்த தகப்பன்மார்

நம் முன்னோர்களில் பெரும்பாலோர் ராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து இந்நாட்டுக்குச் சபர் வந்தவர்கள். கடை இங்கே, குடும்பம் ஊரிலே. சில வருஷங்களுக்கு ஒருமுறை கப்பலேறிப் போய், சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்புவார்கள். 1926 முதல் ஓடிய ரஜூலாக் கப்பல் இப்படி எத்தனையோ தகப்பன்மாரை ஏற்றி இறக்கிற்று. ஊரில் இருந்த பிள்ளைகளுக்குத் தகப்பனார் என்றால் ஒரு கடிதம், ஒரு மணியார்டர், எப்போதாவது வந்து திறக்கப்படும் ஒரு பெட்டி; அவ்வளவுதான்.

1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகிற்று. 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. இனி இங்கேயே நிலைத்துவிடுவது என்று முடிவு செய்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். அப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அது 1960-ஆம் வருஷம். எனக்கு அப்போது 5 வயது.

பினாங்கில் நாங்கள் கரையிறங்கியபோது, வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியும் அணிந்த ஒருவர் விரைந்து வந்து என்னைத் தூக்கினார். நான் அலறிவிட்டேன். "அம்மா, இந்த ஆள் என்னைப் பிடிக்கிறார்!" என்று கத்தினேன். "அத்தாடா, உன் அத்தா" என்றார்கள் அம்மா. எனக்குத் தெரிந்த அத்தா, அம்மாவின் துணிப்பெட்டிக்குள் இருந்த ஒரு போட்டோ மாத்திரமே. அந்த மனிதர் என்னை மெதுவாகக் கீழே விட்டுவிட்டார். அப்போது அவர் முகம் எப்படியிருந்தது என்பது எனக்கு நினைவில்லை. அம்மா பிற்காலத்தில் சொன்னார்கள்: கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமான்களை எண்ணத் தொடங்கினாராம்; எண்ணி முடித்ததையே மறுபடியும் எண்ணினாராம்.

சைக்கிளில் அடைத்த பாக்கி

பாக்கார் ஆராங்கில் எங்கள் மளிகைக்கடை. பின்கட்டில் வீடு. முதல் வாரத்தில் அத்தா எனக்கு ஒரு தகர மோட்டார் வண்டி வாங்கித் தந்தார். வண்டியை வாங்கிக்கொண்டேன், ஆனால் அவரிடம் போகவில்லை. பிறகு அவர் வேறொரு காரியம் செய்தார். தினமும் சுபுஹு தொழுகைக்குப் பின் காய்கறி எடுக்கச் சுங்கைப்பட்டாணிச் சந்தைக்குச் சைக்கிளில் போவது அவர் வழக்கம். சைக்கிளின் முன்தண்டில் ஒரு கோணிச் சாக்கை மடித்துக் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அந்தப் பிரயாணத்தில் அதிசயமான காட்சி ஒன்றும் இல்லை. வழியில் தென்படும் ஆடுகளை எண்ணச் சொல்வார். 1936-இல் கட்டிய மணிக்கூண்டு வந்ததும் நிறுத்துவார். "சின்ன முள் எங்கே நிற்குது? பெரிய முள் எங்கே?" என்று கேட்பார். நான் மணி பார்க்கக் கற்றது அங்கேதான். சந்தையில் தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றித் தருவார். ஒருநாள், "நம்ம ஊருக்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேட்டேன். அவரிடம் நானாக வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி அது. "பாக்கார்னா சுடுறது, ஆராங்னா கரி. மலாயிலே கரி சுடுறதுன்னு அர்த்தம்" என்றார். எங்கள் கடையில் கரிமூட்டைகள் விற்பனைக்கு அடுக்கியிருக்கும். "அப்ப, நம்ம கடையிலேதான் சுட்டாங்களா?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததும் அதுவே முதல் முறை.

இரண்டு மாதம் சென்றிருக்கும். ஒரு காலையில் அவருக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. நான் சைக்கிளருகே நின்று அழுதுகொண்டிருந்தேன். அம்மா காரணம் கேட்டார்கள். "அத்தா வரலே" என்றேன். துறைமுகத்தில் "இந்த ஆள்" என்று கத்திய வாய் அது.

தகர வண்டியால் வாங்க முடியாததைச் சந்தைக்குப் போகும் பாதை வாங்கிக் கொடுத்தது. யாது காரணம்? தகர வண்டி ஒருநாள் கொடுத்தது. சந்தைப் பாதை தினமும் கொடுத்தது. பிள்ளையின் கணக்கு நாட்கணக்கு. வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தீர்க்கும் கணக்கல்ல.

என் கணக்கில் விழுந்த பிழை

இவ்வளவு அறிந்த நானே, பிற்காலத்தில் இதே கணக்கில் தவறினேன். 1980-களில் கடையை விஸ்தரித்தேன். காலை 6 மணிக்குப் புறப்படும்போது பிள்ளைகள் தூக்கம். இரவு திரும்பும்போதும் தூக்கம். வீட்டுக்கும் கடைக்கும் இடையே பத்து நிமிஷ நடைதான். அத்தாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு கல்லாப்பெட்டி இருந்தது.

ஒரு நோன்புப் பெருநாள். கடை அடைத்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது, 4 வயது மகள் அருகே வந்து நின்று, "அத்தா, நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள். "என் வீடு எதும்மா?" என்றேன். "கடை" என்றாள். அவள் குறும்பாகச் சொல்லவில்லை, அப்படியே நம்பியிருந்தாள். அன்று நான் சாய்ந்திருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க நெடுநேரமாயிற்று.

"பிள்ளைகளுக்காகத்தானே பாடுபடுகிறோம்" என்று நாம் சொல்கிறோம். மெய்தான். ஆனால் 4 வயதுப் பிள்ளைக்கு லாப நஷ்டம் தெரியாது. தகப்பன் பக்கத்தில் இருக்கிறானா என்பது ஒன்றே தெரியும்.

நபிகளார் காட்டிய வழி

அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு சின்னக் குருவி வளர்த்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவன் வீட்டுக்குச் செல்லும்போது, பெரியவர்களுடைய விஷயங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் குருவியைப் பற்றி அவனிடமே விசாரிப்பார்கள். சமுதாயத்தின் பொறுப்பு முழுவதையும் சுமந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரமிருந்தது. மற்றொரு சம்பவம்: பேரர் ஹஸனை அவர்கள் முத்தமிட்டபோது, அருகிலிருந்த அக்ரஉ பின் ஹாபிஸ் என்பவர் தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்கு மறுமொழி அளித்தார்கள். பிள்ளையிடம் கொஞ்சிப் பேசுவது தகப்பனின் கௌரவத்துக்குக் குறைவு என்று எண்ணும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்ற முதல்

நம் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளிக்கூடமும் அந்நாட்களில் இல்லை. ஆனால் மூடா ஆற்றுக்கு அப்பால் பினாங்கு மாநிலத்தில் வெள்ளிக்கிழமை வேலைநாள். ஆகவே, "இன்றைக்குப் போனால் சரக்கு எடுத்துவிடலாம்" என்று நமக்குத் தோன்றுகிறது. பிள்ளையின் விடுமுறையும் நம் ஓட்டத்தில் கரைந்துவிடுகிறது.

மகளின் கேள்விக்குப் பின் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அஸர் வரையில் கடை திறப்பதில்லை. ஆரம்பத்தில் வியாபாரம் குறைந்தது உண்மை. சில மாதங்களில் வாடிக்கைக்காரர்கள் வியாழக்கிழமை இரவே வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். பினாங்குக்குப் போகவேண்டிய நாளில் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். முறை வைத்து ஒவ்வொருவராகப் போவார்கள். பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்ற பேதம் இல்லை.

போவதற்கு இடமில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். நம்மைச் சுற்றியே இருக்கிறது.

ரெயில்: 2015 முதல் சுங்கைப்பட்டாணி வழியாகப் பாடாங் பெசாருக்கும் பட்டர்வொர்த்துக்கும் மின்சார ரெயில் ஓடுகிறது. சிறு பிள்ளைக்குப் போய்ச்சேரும் இடத்தைவிட ஜன்னல்தான் முக்கியம். பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகேறினால் பினாங்கு. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, நம் முன்னோர் வந்து இறங்கிய ஊர் இது என்று காட்டலாம்.

மெர்போக்: நம் கண்ணெதிரே நிற்கும் ஜெராய் மலை சுமார் 1,200 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில் லெம்பா பூஜாங் தொல்பொருள் காட்சிசாலை இருக்கிறது. பழங்காலத்துக் கட்டட அடித்தளங்களைக் கல் கல்லாகப் பார்க்கலாம். அண்மையிலுள்ள சுங்கை பத்துவில் பண்டைக்காலத்தில் இரும்பு உருக்கியதற்கான தடயங்கள் அகப்பட்டிருக்கின்றன. 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இப்பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. தமிழ் வியாபாரி இக்கரையில் கால்வைத்தது நேற்றோ இன்றோ அல்ல என்பதைப் பிள்ளை தன் கண்ணால் அறிந்துகொள்ளும்.

தஞ்சோங் டாவாய்: மீனவர் கிராமம். நெத்திலியும் கருவாடும் காயும் வாசனையே ஒரு பாடம். கடையில் விற்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்று காட்டலாம். அங்கிருந்து ஆற்றின் முகத்துவாரத்தைப் படகில் கடந்தால் பந்தாய் மெர்டேக்கா கடற்கரை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கிய கரை இது. கோத்தா கோலமூடாவில் அதன் ஞாபகச் சின்னமும் இருக்கிறது. கடலில் பிள்ளையின் கையை விடலாகாது.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. இவை எல்லாம் மாதம் ஒருமுறை. தினசரிப் பங்கு வேறு. அது இன்னும் எளிது.

கைக்கொள்ள வேண்டியவை

1. நாளுக்கு அரைமணி நேரம், ஒரே வேளையில், தவறாமல். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடும் நேரமே போதும்.

2. எப்படியும் போகவேண்டிய வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். சந்தை, தொழுகை, பெட்ரோல் நிலையம் எதுவாயினும் சரி. பெரியவருக்கு வேலை, பிள்ளைக்கு அது உல்லாசப் பிரயாணம்.

3. கடையிலும் இடம் கொடுங்கள். தராசில் பருப்பு நிறுக்கட்டும், சில்லறை எண்ணட்டும். தவறினால் வாடிக்கைக்காரர் முன்னிலையில் அதட்டலாகாது.

4. அந்நேரத்தில் கைப்பேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவர், பிள்ளையின் கணக்கில் வீட்டில் இல்லாதவரே.

5. பிள்ளையின் குருவி எதுவோ, அதைப் பற்றி விசாரியுங்கள். பூனையோ, பந்தோ, விழுந்த பல்லோ, எதுவானாலும் மறுநாள் நினைவு வைத்துக் கேளுங்கள்.

6. சைக்கிள் தண்டில் சாக்குக் கட்டிய காலம் போயிற்று. காரில் குழந்தை இருக்கை வேண்டும் என்று 2020 முதல் சட்டமே சொல்கிறது. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இன்றி ஏற்றலாகாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. இப்போது கடையைப் பார்த்துவரும் என் மகன், தன் 5 வயதுப் பையனையும் என்னையும் படகில் பினாங்குக்கு அழைத்துச் சென்றான். அக்கரை நெருங்கியதும், நான் எங்கே அலறினேன் என்று பையனுக்குக் காட்டினேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அத்தாவைத் தெரியாம எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலை பார்க்கப் போய்விட்டான்.

என் அத்தா மீது 5 வருஷப் பாக்கி இருந்தது. அதை அவர் நாளுக்கு ஒரு மணி நேரமாகச் சைக்கிளில் அடைத்தார். நம்மில் இளையவர்களுக்கு அவ்வளவு பாக்கி இன்னும் ஏறவில்லை. இன்றிரவு கடையைச் சாத்துமுன், அல்லது நாளைக் காலை கடையைத் திறக்குமுன், இன்றைய வரவை இன்றே வைத்துவிடுவோமாக.