சிரைப் புடைப்பு: அதனைக் கண்டறிதலும் ரணசிகிச்சையும்

இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்களைத் தமனிகள் என்றும், அதனை மீண்டும் இதயத்திற்குக் கொண்டுவந்து சேர்ப்பவற்றைச் சிரைகள் என்றும் கூறுகிறோம். பேச்சு வழக்கில் சிரையையும் நரம்பு என்றே சொல்லிவிடுவது உண்டு. காலில் சிரைகள் தடித்து நெளிந்திருப்பதை ‘நரம்புச் சுருட்டல்’ என்பதும் இவ்வாறு வந்ததே. உண்மையில் நரம்பு வேறு, சிரை வேறு. ரணசிகிச்சை நிபுணருக்கு இவ்வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பது பின்னர் விளங்கும்.

இரத்தக் குழாயின் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறி விரிந்து புடைத்திருத்தலை மருத்துவர்கள் அனூரிசம் என்பர். வயிற்றிலுள்ள பெருந்தமனியில் தோன்றும் புடைப்பைப் பற்றி வாசகர்கள் கேள்வியுற்றிருக்கலாம். தமனியில் இரத்த அழுத்தம் மிகுதியாதலின், அங்குள்ள புடைப்பு வெடித்துவிடும் என்பதே பெரிய அச்சம். சிரைப் புடைப்போ வெடிப்பது அரிது. அதன் அபாயம் வேறு வகையானது. புடைத்த பையினுள் இரத்தம் தேங்கிச் சுழன்று உறைகிறது. உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு பெயருமானால், அது இரத்த ஓட்டத்துடன் மேலேறி, இதயத்தின் வலப்புறத்தைக் கடந்து, நுரையீரல் தமனியை அடைத்துவிடும். பெரிய துண்டாயின் சில நிமிடங்களில் மரணம் நேரலாம்.

இப்புடைப்பு உடலின் எந்தச் சிரையிலும் தோன்றக்கூடும். ஆயினும் எல்லா இடத்திலும் ஒரே அளவு அஞ்சத்தக்கதன்று. கழுத்துச் சிரையில் உள்ளது, குழந்தை அழும்போதோ இருமும்போதோ வீங்கித் தோன்றிப் பின் மறைந்துவிடும். பெரும்பாலும் தீங்கற்றது, தோற்றத்தைக் கருதியே அதனை அகற்றுகின்றனர். கல்லீரலுக்குச் செல்லும் வாயிற் சிரையின் புடைப்பை 1956-இல் பார்சிலாய், கிளெக்னர் என்போர் முதன்முதலாக விவரித்தனர். தொல்லை தராதவரை அதனைக் கண்காணித்து வருதலே பொதுவான முறை.

முழங்காலின் பின்குழியில் ஓடும் சிரையின் புடைப்போ இவற்றினின்றும் வேறுபட்டது. 1968-இல் ஜெர்மன் மொழியில் வெளியான ஒரு கட்டுரையில் மே, நிசெல் ஆகிய இருவர் இதனை விவரித்தனர். 1976-இல் டால் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், இப்புடைப்பினால் நுரையீரலில் மீண்டும் மீண்டும் அடைப்பு ஏற்பட்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதிய பிறகே, இதன் கொடுமை மருத்துவ உலகிற்கு நன்கு புலப்பட்டது. இத்தகைய சிரையின் சுவரை நுண்பெருக்கியில் நோக்கினால், தசையிழைகளும் மீள்சக்தியுள்ள இழைகளும் குறைந்து, அவற்றின் இடத்தை நார்த்திசு பற்றியிருக்கக் காணலாம். இந்நலிவு பிறவியிலேயே வருவதா, அடிபட்டதாலா, அழற்சியினாலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நோயைக் கண்டறிவதில் உள்ள இடர்ப்பாடு யாதெனில், நோயாளி காலைப் பற்றி ஒன்றுமே சொல்லுவதில்லை. திடீரென மூச்சுத் திணறல், மார்பு வலி, சில வேளைகளில் இருமலில் இரத்தம் ஆகியவற்றோடு அவர் வருவார். கால் வீங்கியிராது. குழியில் கட்டி தென்பட்டாலும், அது மென்மையாகவும் துடிப்பின்றியும் இருக்கும்; மூட்டு நீர்க்கட்டி எனத் தவறாகக் கொள்ள இடமுண்டு. படுத்தால் சுருங்கும், நின்றால் பெருகும். இதே போன்று தொடையிடுக்கில் உள்ள சிரைப் புடைப்பைக் குடலிறக்கம் என்று எண்ணிக் கத்தி வைத்தால், பெரும் இரத்தப் போக்கு நேரிடும்.

ஆதலால், நுரையீரல் அடைப்புக்குக் காரணம் விளங்காத நோயாளியின் இரு முழங்கால்களின் பின்புறத்தையும் கேளா ஒலி அலைகளைக் கொண்டு சோதித்தல் வேண்டும். வலியற்ற இச்சோதனை, பையின் அளவு, அதனுள் இரத்தம் சுழலும் வகை, உறைகட்டி உண்டா என்பவற்றைக் காட்டிவிடும். அறுவைக்கு முன் மேலும் விவரம் வேண்டின், சாயமருந்தைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பர். அல்லது காந்த அதிர்வுப் படத்தை நாடுவர்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற மருந்துகள் போதாவா என்று கேட்கலாம். அவை உறைதலைக் குறைக்குமேயன்றிப் பையை அகற்றமாட்டா. மருந்து உட்கொண்டு வரும்போதே மீண்டும் அடைப்பு நேர்ந்தவர்கள் உண்டு. ஆகவே பை வடிவப் புடைப்பாயினும், உறைகட்டி உள்ளதாயினும், விட்டம் 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதாயினும், நோயாளியின் உடல்நிலை இடங்கொடுத்தால் ரணசிகிச்சையே தக்கது என்பது பெரும்பாலான நிபுணர் கருத்து.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காற் குழியில் வளைவாகக் கீறித் திறக்கின்றனர். காலின் பெரிய நரம்பு ஒன்று பெரும்பாலும் புடைப்பின் மேலேயே நீண்டு படிந்திருக்கும். அதனைச் சேதமின்றி விலக்குவதே இச்சிகிச்சையின் நுட்பமான பகுதி. நரம்பு இழுபட்டால் பாதத்தில் மரப்பும் தளர்ச்சியும் தோன்றும். அடுத்தது, பையைக் கையாளுமுன் அதற்கு மேலேயுள்ள சிரையை இடுக்கியால் மூடுதல். இல்லையேல், எந்தத் துண்டைத் தடுக்க முனைந்தோமோ அதுவே கைபட்டு நழுவி நுரையீரலை அடையக்கூடும். பின்னர் பையைத் திறந்து, உறைகட்டியை நீக்கி, மிகுதியான சுவரை வெட்டியெறிந்து, எஞ்சிய சுவரை இயல்பான அகலத்திற்குத் தைத்து மூடுவர். பெரும்பாலோர்க்கு இவ்வெளிய முறையே போதுமானது. சிரை சுற்றிலும் விரிந்திருந்தால் அப்பகுதியை முற்றிலும் எடுத்துவிட்டு, இரு முனைகளையும் இணைப்பர். முனைகள் எட்டாவிடின், காலின் மேல்தோலடியில் ஓடும் நீண்ட சிரையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இடையில் பொருத்துவர்.

தையலிட்ட இடத்தில் புதிதாக இரத்தம் உறையாதிருக்கச் சில மாதங்களுக்கு உறைதடுப்பு மருந்தைத் தொடர்கின்றனர். இம்மருந்தினாலேயே புண்ணினுள் இரத்தம் கசிந்து கட்டுவதும் உண்டு. அளவறிந்து கொடுத்தல் வேண்டும். நோயாளி விரைவில் எழுந்து நடக்கலாம். காலுக்கு மீள்சக்தியுள்ள உறை அணிவிப்பர். சிலருக்கு மற்றக் காலிலும் புடைப்பு இருப்பதால், பின்னர் நடைபெறும் ஒலி அலைச் சோதனைகளில் இரு கால்களையுமே பார்ப்பது வழக்கம்.