முதலில் பாட்டு, பிறகு பெயர்

"எதுகை என்றால் என்ன?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், "இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும். ஒரு பாட்டைக் கொடுத்து, "இதில் எதுகை எங்கே?" என்றால் விழிக்கும். பெயரை முன்னே தந்து பொருளைப் பின்னே காட்டுவதால் விளையும் குறை இது. எடுத்துக்காட்டின்றி இலக்கணம் நெஞ்சில் நில்லாது என்பதை நம் சமண இலக்கண ஆசிரியர் நன்கறிந்திருந்தனர்.

சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக் காரிகை, ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்திப் பேசும் நடையில் அமைந்தது. விதி கூறுவதோடு நில்லாமல், அதற்குரிய எடுத்துக்காட்டுப் பாடல்களின் முதற்சொற்களைக் கோத்து 'முதல் நினைப்பு'ச் செய்யுள்களையும் அந்நூல் தருகிறது. ஒரு சொல்லைப் பற்றினால் ஒரு பாட்டே நினைவுக்கு வரும். இந்நூலின் பெருமை நம் காவிரி நாட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளது. மயிலாடுதுறையை அடுத்த நீடூர்ச் சிவன் கோயிலில் உள்ள முதலாம் குலோத்துங்கன் (1070–1120) காலத்துக் கல்வெட்டு, அமிதசாகரரைக் கொண்டு காரிகையை இயற்றுவித்தவரின் மரபைப் போற்றுகிறது.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கரின் இயல்பை உவமைகளாலேயே விளக்கினார். முதல் மாணாக்கர் அன்னமும் பசுவும் போன்றவர். கடை மாணாக்கர் ஓட்டைக் குடமும் நெய்யரியும் போன்றவர். ஆசிரியர் ஆகாதவருக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. நீர் வார்த்தவன் கொல்லையில் நின்று, அயலான் கொல்லையில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை அது. நம் ஊர்ப் பிள்ளைகள் நாள்தோறும் காணும் காட்சியன்றோ இது!

இனி வகுப்பறைக்கு வருவோம்.

உவமை: பிள்ளைகளை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் சென்று, "நாற்றங்கால் எதைப்போல் இருக்கிறது?" என்று கேளுங்கள். "பச்சைப் பாய் போல" என்று ஒரு பிள்ளை சொல்லும். "கிளியின் முதுகு போல" என்று மற்றொன்று சொல்லும். அப்போது, "நீங்கள் சொன்னதற்கு உவமை என்று பெயர், 'போல' என்பது உவம உருபு" என்று கூறுங்கள். தான் செய்த பொருளுக்குக் கிடைத்த பெயரைக் குழந்தை மறவாது.

உருவகம்: பொன் போன்ற நெல், 'பொன்னெல்', இது உவமை. சொற்களை மாற்றி 'நெற்பொன்' என்றால், நெல்லே பொன் ஆகிவிடும், இது உருவகம். ஒப்பிடுவது உவமை, ஒன்றாக்குவது உருவகம்.

எதுகை, மோனை: நாற்று, காற்று, வரப்பு, பரப்பு. இவை இரண்டாம் எழுத்து ஒன்றிய எதுகை. குறுவை, குளம், குயில். இவை முதலெழுத்து ஒன்றிய மோனை. கைதட்டிச் சொல்லச் செய்தால், செவியே இலக்கணம் கற்கும்.

உயர்வு நவிற்சி: "எங்கள் தென்னை நிலவைத் தொடுகிறது" என்று பாடும்போது, வாய்மையைப் போற்றும் நம் இல்லத்துப் பிள்ளை, "இது பொய் அல்லவா?" என்று கேட்கக்கூடும். அக்கேள்வியைத் தட்டிக் கழிக்கலாகாது. பிறரை நம்பவைத்து ஏமாற்றக் கூறுவது பொய். இங்கே சொல்பவரும் கேட்பவரும் உண்மையை அறிவர். மரத்தின் உயரத்தை வியந்து மகிழ்வதே நோக்கம். பொய்க்கும் புனைவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை உணர்ந்த பிள்ளை, வாய்மையையும் தெளிவாகவே உணரும்.

நம் குழந்தைகளுள் பலர் இன்று ஆங்கில வழியில் பயில்கின்றனர். 'சிமிலி', 'மெட்டஃபர்' என்பவற்றை அறிந்த பிள்ளை, உவமையையும் உருவகத்தையும் அறியாதிருத்தல் தகுமோ? தமிழுக்கு யாப்பும் இலக்கணமும் வகுத்துத் தந்த சான்றோரின் வழியில் வந்தவர்கள் நாம்.

வீட்டுப் பயிற்சி: பெற்றோரும் பாட்டிமாரும் நாளொன்றுக்கு ஒரு பொருளைக் காட்டி, "இது எதைப்போல் இருக்கிறது?" என்று கேளுங்கள். விடைகளைக் குழந்தையே ஓர் ஏட்டில் எழுதிவரட்டும். ஒரு திங்களில் முப்பது உவமைகள் சேரும். அவை முப்பதும் அக்குழந்தைக்கே உரியவை.